கண் வெளுத்ததா, நோய் குறைந்ததா?

கோத்தகிரிச் சரிவில் உள்ள ஓர் இருளர் ஊரிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான், எடை 42 கிலோ. பிறவியிலேயே சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் மரபணு நோய்). இரண்டு வருடமாகத் தினமும் அதற்கான ஹைட்ராக்ஸியூரியா 500 மி.கி. கேப்சூல் ஒன்று சாப்பிட்டு வந்தவன், மூன்று மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டான். "இது கேன்சர் மருந்து, ஆண்மை போய்விடும்" என்று இன்ஸ்டாகிராமில் பார்த்த ரீல்ஸ்தான் காரணம். ரீல்ஸ் போட்ட அதே ஆள் விற்கும் 'ஆதிவாசி ரகசிய மூலிகைப் பொடி'யை டப்பா 1,800 ரூபாய்க்கு வரவழைத்து இரண்டு வேளையும் சாப்பிடுகிறான். முதல் மாதம் வலியே இல்லை, நன்றாகப் பசித்தது, முகம் பூசினாற்போல ஆனது. போன மாதம் மூன்று நாள் கை கால் வலியில் புரண்டிருக்கிறான். கேட்டால் பனியால் வந்தது என்கிறான்.

பெரியவர்கள் கண் மஞ்சளுக்குக் கீழாநெல்லி கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைக்கிறார்கள். கடிதம் எழுதிய அக்காவுக்குச் சோதனையில் 'கேரியர்' (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்று வந்திருக்கிறது. தாய்மாமன் மகனோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது. கேரியர் கல்யாணமே செய்யக் கூடாது என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. பொடி டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, தம்பியின் போனையும் பிடுங்கிவிடலாமா என்று கேட்கிறார். கடிதத்தில் ஒரு வரி: "எங்க பெரியவங்களுக்கு ஆரோக்கியம்னா காட்டுக்குப் போயிட்டு வர்ற தெம்பு. தம்பிக்கு ஆரோக்கியம்னா செல்ஃபியில கண்ணு வெள்ளையா தெரியணும். ஃபில்டர் போட்டுத்தான் போட்டோவே போடுறான்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அதற்கு வருவதற்கு முன் அவசரமான ஒன்று இருக்கிறது.

டப்பாவை எறியாதீர்கள்

முதல் மாதம் வலி நின்றது, பசி கூடியது, முகம் பூசியது: இந்த மூன்றையும் நல்ல அறிகுறிகளாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவருக்கு வரும் முதல் சந்தேகம், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்பதுதான். ஸ்டீராய்டு வலியை அமுக்கும், பசியைத் தூண்டும், முகத்தை உப்பவைக்கும். சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அதன் வேகம் குறையும்போது வலி திரும்பி வந்து தாக்குவது தெரிந்த விஷயம். சோதிக்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதம் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். அந்த நிலையில் ஒரே நாளில் நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது வரை போகலாம். டப்பாவை நீங்கள் ஒளித்து வைத்தாலும் விளைவு அதேதான்.

அதனால் தம்பியையும் டப்பாவையும் சேர்த்து இன்றோ நாளையோ மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு வேளையும் எவ்வளவு சாப்பிட்டான் என்பதை ஸ்பூன் கணக்கில் சொல்லுங்கள். மருத்துவர் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார். தேவைப்பட்டால் காலை நேர கார்ட்டிசால் (அந்தச் சொந்தச் சுரப்பின் அளவு) பார்த்துவிட்டு, நேரே நிறுத்துவதா, மாற்று மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதா என்று முடிவு செய்வார். அதற்கு முன்பே மயக்கமோ தொடர் வாந்தியோ வந்தால் 108.

டப்பாவின் லேபிளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, உட்பொருள்கள் எல்லாம் இருக்க வேண்டும். மரபணுக் கோளாறைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தின் பேரிலும் சொல்லக் கூடாது என்று மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. சிக்கிள் செல் மரபணு நோய்தான். ரீலின் லிங்க், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், லேபிள் போட்டோ மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

'ஆதிவாசி ரகசியம்' என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987-ல் அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினர் ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தபோது, உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதிலும் குறைகள் உண்டு, ஆனாலும் யாருடைய அறிவு என்பது எழுத்தில் இருந்தது. இந்த ஆள் உங்கள் பெயரை எடுத்து, டப்பாவில் ஒட்டி, உங்கள் வீட்டுக்கே 1,800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அறிவுரை ஏறாத இடத்தில் சில சமயம் ரோஷம் ஏறும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

சாதாரணமாக ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். தம்பியின் அரிவாள் வடிவ அணுக்கள் 10 முதல் 20 நாளிலேயே உடைகின்றன. உடைந்தவற்றின் கழிவுதான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. ஈரலில் கிருமி தொற்றி வரும் காமாலை வேறு, இது வேறு. கீழாநெல்லியால் இந்த உடைப்பு நிற்காது. அதைவிட எனக்குப் பயம் பத்தியத்தின் மேல்தான். உப்பைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரும் குறைந்தால் ரத்தம் கெட்டிப்பட்டு வலி வரும். பெரியவர்களிடம் "கீழாநெல்லி பொய்" என்று சண்டைக்குப் போக வேண்டாம். "இது ஈரல் மஞ்சள் இல்லை, ரத்த மஞ்சள், பத்தியம் வேண்டாம்னு டாக்டர் சொல்றார்" என்றால் போதும். ராகி, சாமை, கீரை, தேன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். மஞ்சள் திடீரென்று கூடி வலது மேல்வயிறும் வலித்தால் பித்தப்பைக் கல்லா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். சிக்கிள் செல்லில் அது சகஜம்.

ரத்தசோகைக்கு இரும்புச் சத்து டானிக் என்று வரும் வீடியோக்களையும் ஒதுக்குங்கள். தம்பிக்கு ரத்தம் குறைவது அணு உடைவதால். பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறையால் அல்ல. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு) அளவு பார்க்காமல் இரும்பு கொடுத்தால், குறிப்பாக முன்பு ரத்தம் ஏற்றியவர்களுக்கு, அது உடம்பில் தேங்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்பு மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்த ரீலில் பாதி உண்மை

தம்பி எடுப்பார் கைப்பிள்ளையாக ஏமாந்துவிட்டான் என்று நீங்கள் வருந்துகிறீர்கள். அவன் நம்பியதில் பாதி உண்மை என்பதால்தான் நம்பினான். நீங்கள் "எல்லாம் பொய்" என்று ஆரம்பித்தால், கூகுளில் தேடி உங்களைத்தான் பொய்யாக்குவான்.

ஹைட்ராக்ஸியூரியா சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் தரப்படுவது உண்மை. சிக்கிள் செல்லுக்கு அது குறைந்த அளவில் போகிறது. தம்பிக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 12 மி.கி. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு இருந்த ஹீமோகுளோபினை அது மறுபடி கூட்டுகிறது. அந்த வகை அதிகமானால் அணுக்கள் அரிவாளாக வளைவது குறையும். அமெரிக்காவில் பெரியவர்களின் சிக்கிள் செல்லுக்கு 1998 முதலே அனுமதி பெற்ற மருந்து.

விந்தணு எண்ணிக்கையைக் குறைப்பதும் உண்மை. நிறுத்தினால் பலருக்கு மீள்கிறது, எல்லோருக்கும் என்று உறுதி தர முடியாது. கல்யாணம், குழந்தை என்று யோசிக்கும் வயதில் மருத்துவரோடு திட்டமிட்டு முடிவு செய்யலாம். ஆனால் விந்தணு எண்ணிக்கையும் ஆண்மையும் ஒன்றல்ல. ஆண்மைக்கு உண்மையான ஆபத்து நோயிலிருந்தே வருகிறது. சிக்கிள் செல் உள்ள பையன்கள் சிலருக்கு ஆசை ஏதும் இல்லாமலே குறி விறைத்து, வலியோடு மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் நிரந்தர பாதிப்பு வரலாம், இரண்டு மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. நீங்கள் அக்கா, உங்களிடமும் சொல்ல மாட்டான். ஆண் மருத்துவரோ ஆண் சுகாதாரப் பணியாளரோ அவனிடம் தனியாகப் பேச ஏற்பாடு செய்யுங்கள். நிறுத்தியதற்கு உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வரும்.

கேப்சூலை வீட்டிலேயே மறுபடி தொடங்க வேண்டாம். முதலில் ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரகம், ஈரல் சோதனை. தொடங்கியபின் முதலில் மாதம் ஒருமுறை, நிலைப்பட்டதும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 2,000-க்குக் கீழேயோ பிளேட்லெட் 80,000-க்குக் கீழேயோ போனால் சிறிது காலம் நிறுத்தச் சொல்வார்கள். பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. நகம் கறுக்கலாம், பயமில்லை. கேப்சூலைப் பிரித்துக் கொட்டாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் அதைக் கையாலும் தொடாமல் இருப்பது நல்லது.

வலி வரும் நாளுக்கு

இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம். நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர். மார்கழி, தைப் பனியில் காதும் மார்பும் மூடியிருக்கட்டும், ஈர உடையோடு நிற்கக் கூடாது. வலித்தால் உப்பு ஒத்தடம் போன்ற சூடு, ஐஸ் கூடாது. ஈரல் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் ஊசி, மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. இந்த நோயில் மண்ணீரல் வேலை செய்யாமல் போவதால் கிருமி ரத்தத்தில் வேகமாகப் பரவும். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், திடீரென்று வெளுத்துப்போதல் எதற்கும் 108 தான். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

போனைப் பிடுங்கலாமா?

வேண்டாம். விடுதி நண்பனின் போனில் அதே ரீலைப் பார்ப்பான். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் 108-ஐக் கூப்பிடவும் அந்தப் போன்தான்.

அவனோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் 'கன்டென்ட் பிரிஃபரன்சஸ்' என்ற பகுதிக்குள் பரிந்துரைகளை ரீசெட் செய்யும் வசதி இருக்கிறது. யூடியூபில் பார்த்த வரலாற்றை அழிக்கலாம். அந்த விற்பனையாளரை பிளாக் செய்யுங்கள். திட்டி கமென்ட் போடுவதும், "இது பொய்" என்று குடும்ப வாட்ஸாப்பில் பகிர்வதும் வேண்டாம். நாம் திட்டிக்கொண்டே பார்த்தாலும், எத்தனை நொடி பார்த்தோம் என்பதைத்தான் அந்தச் செயலி கணக்கு வைக்கிறது. ரீசெட் செய்த பிறகும் 'சிக்கிள் செல் குணமாக' என்று ஒருமுறை தேடினால் பழைய கூட்டம் திரும்ப வரும்.

அடுத்து வரப்போவது 'மரபணு சிகிச்சை வந்துவிட்டது' என்ற வகை. இதிலும் பாதி உண்மை. 2023 டிசம்பரில் அமெரிக்கா இரண்டு மரபணு சிகிச்சைகளுக்கு அனுமதி கொடுத்தது. அதில் ஒன்றின் விலை 22 லட்சம் டாலர். சிகிச்சைக்கு முன் கடும் கீமோதெரபியும் உண்டு. பொருந்தும் உடன்பிறப்பிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றி நோயைக் குணமாக்க முடியும், அதற்குத் தகுதியும் பொருத்தமும் பார்க்க வேண்டும். டப்பாவிலோ பாட்டிலிலோ வரும் எதுவும் இந்த வரிசையில் இல்லை.

இப்போது உங்கள் அந்த வரிக்கு வருகிறேன். பெரியவர்களுக்குத் தெம்பு, தம்பிக்குக் கண், மருத்துவமனைக்கு ரத்த எண்ணிக்கை. மூன்றும் மோதுவதாக நினைக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே உடம்பை மூன்று இடத்திலிருந்து அளப்பதாகப் படுகிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பங்கெடுத்து 1989-ல் எழுதிய தேசிய நலவாழ்வு உத்தியே, ஆரோக்கியம் என்பது தனி ஒருவரின் உடம்பு மட்டுமல்ல, சமூகம் முழுவதன் நலம் என்றுதான் சொன்னது. உங்கள் பெரியவர்கள் சொல்வது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தம்பியின் கண்ணை இதுவரை கவனித்துப் பேசிய ஒரே ஆள் அந்தப் பொடி வியாபாரிதான். 'முன்', 'பின்' என்று இரண்டு கண் படம் போட்டார், பையன் விழுந்துவிட்டான். மருத்துவமனையில் யாரும் அவனிடம் கண்ணைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் அவன் அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல், ஒரே காலை வெளிச்சம், ஃபில்டர் இல்லாமல் கண்ணை ஒரு படம். அதன் கீழே நான்கு எண்கள்: எத்தனை நாள் வலி, எத்தனை நாள் பள்ளி லீவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, எம்.சி.வி. எவ்வளவு. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. கேப்சூலை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களில் அது ஏறும், அதனால் அவனுக்கு அது ஸ்கோர் போல. பெரியவர்களின் அளவுகோலும் இருக்கட்டும்: ஊருக்கு மேலே ஏதாவது ஒரு மேட்டை எத்தனை இடத்தில் நின்று ஏறுகிறான் என்று மாமா எண்ணட்டும். வெறும் ஏற்றம்தான், ஓட்டப் பந்தயமோ ஜிம் சவாலோ கூடாது. கண் முழுதாக வெளுக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மஞ்சள் குறையலாம், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். படங்களை அவன் பதிவேற்ற வேண்டியதில்லை. அவனுக்கு வீடியோ எடுக்கப் பிடிக்குமென்றால், இருளர் மொழியிலும் ஒலிபரப்பும் ரேடியோ கோத்தகிரியை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

கண் நிறத்துக்கு வரும் கேலி கமென்டுகளால் தம்பி சுருங்கிப் போவதாகத் தோன்றினால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

உரிமை என்று ஒன்று

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் சிக்கிள் செல் நோயும் உண்டு. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ கணித்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி வரும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம். பிளஸ் டூ என்பதால் இப்போதே விண்ணப்பியுங்கள். அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில் இந்த நோய் சேரவில்லை. கேரியருக்கு இந்தச் சான்று கிடையாது, ஏனெனில் நீங்கள் நோயாளி அல்ல.

உங்கள் கல்யாணம்

கேரியர் கல்யாணம் செய்யக் கூடாது என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. உங்களிடம் அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருக்கிறது. கடும் உழைப்பின்போது தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள், அவ்வளவுதான். இது சாபமும் இல்லை, மட்டமான ரத்தமும் இல்லை. மலேரியா மண்டிய காடுகளில் அந்த ஒரு பிரதி உயிரைக் காத்ததால்தான் தலைமுறைகளாக நிலைத்தது. இந்தியாவில் இது முதன்முதலில் 1952-ல் பதிவானதே உங்கள் நீலகிரியின் பழங்குடிகளிடம்தான்.

இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்தது தப்பும் என்ற கணக்கு இல்லை. மாமன் மகனுக்கு எந்தப் பிரதியும் இல்லை, வேறு ஹீமோகுளோபின் கோளாறும் இல்லையென்றால் குழந்தைக்கு நோய் வராது, கேரியராகப் பிறக்கப் பாதி வாய்ப்பு. தம்பிக்கு நோய் இருப்பதால் உங்கள் அம்மாவும் கேரியர். அப்படியானால் அம்மாவின் உடன்பிறந்த தாய்மாமனும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகனுக்கு நான்கில் ஒன்றுக்குக் குறையாத வாய்ப்பு. ஆகவே பேச்சு முற்றுவதற்குள் மாமன் மகன் சோதனை செய்ய வேண்டும். இருவரும் கேரியர் என்று வந்தாலும் முடிவு உங்களுடையது. கர்ப்பத்தின் 11-வது வாரம் அளவில் கருவைச் சோதிக்கும் வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கல்யாணம் செய்பவர்களும் உண்டு, வேறு இடம் பார்ப்பவர்களும் உண்டு.

2023 ஜூலை 1-ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்குச் சோதனை இலவசம். முகாமில் விரல் நுனி ரத்தத்தில் பார்ப்பது வடிகட்டும் சோதனை மட்டும். அது 'நெகட்டிவ்' என்று வந்தாலும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மாமன் மகன் பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் இன்னொரு மரபணுக் கோளாறு) கேரியராக இருந்தால் முகாம் சோதனையில் தெரியாது, ஆனால் உங்கள் மரபணுவோடு சேர்ந்தால் குழந்தைக்குச் சிக்கிள் செல் போன்றே நோய் வரும். கடந்த மூன்று மாதத்துக்குள் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் ஆய்வகத்தில் சொல்லச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரிசல்ட் தப்பாக வரும்.